நல்ல புத்தகங்கள் ஜெசிந்தா வீட்டுக்குப் போயின

அநியாயம் செய்யப்பட்டவள் ஜெசிந்தா. செய்தவர் என் அப்பா, எங்கள் ஊர்த் துறைமுகச் சதுரங்க மன்றத்தின் செயலாளர், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற தனுஷ்கோடி. அவள் தானாகக் கண்டுபிடித்த ஓர் ஆட்டத்தை எடுத்து, தான் எழுதிய 'கறுப்பின் கதவு' என்கிற புத்தகத்தில் 'தனுஷ்கோடி வேரியேஷன்' என்று தலைப்புப் போட்டு அச்சடித்தார். வெளியீட்டு விழாவில் அவள் எழுந்து நின்று, "அண்ணாச்சி, அது என் ஆட்டம்லா" என்று சொன்னபோது, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "அப்படியா தாயி? அத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. மாவட்ட அணியிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. இது எப்படி அநியாயமாகும் என்று இன்னும் விளக்கம் கேட்கிறவர்கள் கதையை இத்தோடு மூடிவிடலாம். என்னோடு வாதாட வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வரட்டும், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

அந்த மண்டபத்தில் நான் இல்லை. நான் வேறு ஊரில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன், சமூகவியல் ஆய்வு, அடுத்தவர் ஊர்களில் நடக்கும் அநியாயங்களை அடிக்குறிப்போடு எழுதிக்கொண்டிருந்தேன். சிரிப்பு எனக்குக் கைபேசியில் வந்தது. எங்கள் குடும்பக் குழுவில் மாமா அந்த வீடியோவைப் போட்டு, கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாக வைத்திருந்தார். நான் பத்தி பத்தியாகத் தட்டி அனுப்பினேன். சித்தி ஒரு கும்பிடு போட்டாள். மாமா, "வக்கீலம்மா வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்று எழுதினார். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் மன்றத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையில் எதுவுமே விளங்காது. எங்கள் மன்றத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கறுப்பு. யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பையன்கள் மாவட்டம் மாநிலம் என்று போகப் போகிறவர்கள், வெள்ளையில் தொடங்கிப் பழக வேண்டும், அவர்களுக்கு எதிரே உட்கார யாராவது வேண்டும், அந்த யாராவது பெண் பிள்ளைகள். அப்படித்தான் நானும் கறுப்பில் உட்கார்ந்தேன், உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துச் சண்டை போட்டு வெளியே வந்தேன். ஜெசிந்தா வரவில்லை. அவள் பாவாடை சட்டை போட்ட காலம் முதல் எம்.எஸ்ஸி. கணக்கு சேர்ந்த காலம் வரை, ஒரு நாள்கூட முதல் காயை நகர்த்தாமல், அடுத்தவன் நகர்த்துவதற்குப் பதில் சொல்லியே வளர்ந்தாள்.

மன்றத்து அலமாரியில் கறுப்புக்கென்று இருந்தது பிரெஞ்சுத் தடுப்பு ஒன்றுதான். வெள்ளை தன் ராஜா முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், கறுப்பு ஒரே கட்டம் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் தொடக்கம் அது. சாத்தின கதவுக்குள் மூலைவாட்டில் மட்டும் போகத் தெரிந்த கறுப்பின் சொந்த மந்திரி ஒன்றும் மாட்டிக்கொள்ளும். எல்லாப் புத்தகங்களும் அதைக் 'கெட்ட மந்திரி' என்று எழுதின, எப்படியாவது எதிராளியின் காய்க்கு மாற்றித் தொலைத்துவிடு என்று புத்தி சொல்லின. ஜெசிந்தா அதைத் தொலைக்கவில்லை. அதை அது பிறந்த கட்டத்திலேயே ஆட்டம் முழுக்க உட்கார வைத்துவிட்டு, அத்தனை பேரும் காப்பாற்றச் சொல்கிற அந்த வாசல் சிப்பாயை ஒருநாள் அவளே முன்னால் தள்ளி வெட்டுக் கொடுத்தாள். கதவு திறந்தது. அதுவரை ஓர் அடி எடுத்து வைக்காத மந்திரி தன் முதல் நகர்விலேயே பலகையைக் குறுக்கே கடந்து வெள்ளை ராஜாவின் வாசலில் போய் இறங்கியது.

அன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் என் அப்பா. என் அப்பாவைத் திருடர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும், சொல்ல முடியவில்லை. அவர் அந்த ஆட்டத்தை வீட்டுக்கு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார், மறுநாளும் பரப்பினார், குழம்புச் சட்டிக்கு இடமில்லை என்று அம்மா திட்டத் திட்ட மாதக் கணக்கில் பரப்பினார், சிப்பாயைத் தள்ளித் தள்ளி, மந்திரியை எடுத்து எடுத்து, கடைசியில் அவர் விரல்கள் அதைத் தங்களுடையது என்று நம்பிவிட்டன. சொல்லிக் கொடுக்கிறவர்கள் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி நடந்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையும் நாக்கில் தயார் செய்த வாதங்களுமாக எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது, அப்பாவின் அலமாரியில் இருந்த பிரெஞ்சுத் தடுப்புப் புத்தகங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. அட்டைகளை இரண்டு பக்கமும் விரித்து, பக்கங்களின் ஓரத்தை ஊன்றி, நண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் நடந்து, படியில் மட்டும் சற்றுத் தயங்கி, ஒவ்வொன்றாக இறங்கின. நான் வழியில் நின்றேன். முன்னால் வந்த தடிப் புத்தகம் நின்றது, பின்னால் வந்தவையும் நின்றன.

"ஏட்டி ஆவுடை, வழிய விடு. எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றாள் அம்மா, கையில் கரண்டியோடு.

வழி விட்டேன். அவை தெருவில் இறங்கி இடப்பக்கம் திரும்பின.

அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எங்க போகுது?" என்றார் தட்டைப் பார்த்தபடி.

"சங்குகுளித் தெரு பக்கமாப் போகுது" என்றாள் அம்மா.

சங்குகுளித் தெருவில்தான் ஜெசிந்தா வீடு. அப்பா இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

அன்று காலை ஊரில் வேலைக்குப் போன எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மன்றத்து அலமாரியிலிருந்தும், மாவட்ட நூலகத்திலிருந்தும், மாடிகளில் நடக்கிற பயிற்சி வகுப்புகளிலிருந்தும், காசிராஜன் புத்தகக் கடையிலிருந்தும் அவை இறங்கி வந்தன. கடற்கரைச் சாலையைக் கடக்கும் இடத்தில் உப்பு லாரிகள் வரிசையாக நின்றன, போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக் கையைக் காட்டினார், நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிடுகிற சாமான் இல்லை என்று படுத்துக்கொண்டன. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்து வழி கொடுத்தார்கள்.

"அந்தச் செவப்பு அட்ட எந்த ஊருல?"

"ரஷ்யாவாம். நடையப் பாரேன், பட்டாளத்துல இருந்து வந்த மாதிரி."

"பின்னால வாரது ஒண்ணு நொண்டுதே."

"லைப்ரரிப் புஸ்தகம்ல அது. நடுவுல பாதிய எவனோ கிழிச்சிருப்பான்."

எல்லாப் புத்தகங்களும் போகவில்லை. பாதிக்கு மேல் அலமாரியிலேயே இருந்தன, பளபளவென்ற அட்டையோடு, நகராமல். கொஞ்ச நாளில் ஊருக்கு விளங்கிவிட்டது. மிச்சம் இருந்தவற்றைப் படித்துவிட்டுப் போன பையன்கள் போன இடமெல்லாம் தோற்று வந்தார்கள். போனவை நல்ல புத்தகங்கள், நின்றவை மோசமானவை. நல்லதைத் தேடி இனி அலைய வேண்டியதில்லை என்று ஊர் பெரிய நிம்மதியோடு கண்டுகொண்டது.

இதற்கப்புறம் நடந்ததை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. புத்தகம் நடந்ததை ஊர் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பெற்றோர்கள் புதுப் புத்தகம் வாங்கினால் நேரே சங்குகுளித் தெருமுனைக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்து, நடக்கிறதா என்று பார்த்து, நடந்தால் பாய்ந்து பிடித்துக் கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆட்டோக்காரர்கள் அந்த வீட்டைப் புத்தக வீடு என்றார்கள். காசிராஜன் தன் கடை வாசலில், 'ஜெசிந்தா வீட்டுக்கு நடந்த புத்தகங்கள் இங்கே கிடைக்கும்' என்று தட்டி கட்டி, உள்ளே அவற்றைச் சங்கிலியில் பூட்டி வைத்திருந்தார். சென்னையில் இருக்கிற ஓர் ஆசிரியர் தன் நூலை நேராக அவள் வீட்டு முகவரிக்கே கூரியரில் அனுப்பினார். அது உறையிலிருந்து இறங்கி, வாசலைப் பார்த்தது, கூரியர் ஆபீசுக்கே திரும்பி நடந்தது. அரசுத் தேர்வு வழிகாட்டி, சமையல் குறிப்பு, ஜாதக பலன் என்று எல்லாவற்றையும் தெருமுனையில் வைத்துப் பார்த்தார்கள், அவை கல்லாகக் கிடந்தன. மாதா கோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த வீட்டை ஆசீர்வதித்தார். யாரோ வாசலில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டார்கள். அணிப் பட்டியலில் அவள் பெயரை மட்டும் யாரும் திரும்ப எழுதவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில், மன்றத்தில், காசிராஜன் கடையில், நூலகத்து வரிசையில் நின்று எல்லாரோடும் வாதாடினேன்.

"புத்தகம் நடந்தத நம்புதிய. எதுக்கு நடந்துச்சுன்னு ஒரு தடவையாவது கேட்டியளா?"

"அதெல்லாம் தெய்வச் செயல், நமக்கு எதுக்கும்மா?" என்றார் காசிராஜன்.

"தெய்வம் எங்க வீட்டு அலமாரியில இருந்து தொடங்கிருக்கே, அது ஏன்?"

"அண்ணாச்சி எத்தன பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவுக. எம்மவனுக்குக் குதிர எப்படிப் போகும்னு காட்டித் தந்ததே அவுகதான். அவுகளப் போயி..." என்று இழுத்து, சங்கிலியை முறுக்கிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைத் தட்டி அடக்கினார். "பெத்த அப்பாவப் பத்தி ரோட்டுல நின்னு பேசுதியே, உனக்குக் கூச்சமா இல்லையா?"

கூச்சமாகத்தான் இருந்தது. நான் தெருவில் நடந்தால், என் முகத்தில் அப்பாவின் மூக்கும் அப்பாவின் தாடையும் நடந்தன. வாதத்தில் நான் ஜெயித்த இடங்களிலெல்லாம் அந்தத் தாடையைத்தான் தூக்கிப் பேசியிருந்தேன்.

ஜெசிந்தா வீட்டில் உட்கார இடமில்லை. அவள் அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். அம்மா அமலோற்பவம் இறால் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கட்டிலுக்கு மேலே, தையல் மிஷினுக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால் எல்லாம் புத்தகங்கள், ஒன்றோடொன்று ஒண்டி, அட்டை மூடி, சத்தம் காட்டாமல் இருந்தன.

"அரிசி வாளிக்குள்ள ரெண்டு கெடந்துச்சும்மா" என்றாள் அமலோற்பவம். "வெரட்டவும் மனசு வரல. வந்தவுகள எப்படிப் போங்கன்னு சொல்ல?"

நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ஜெசிந்தா நிறுத்திவிட்டாள்.

"நீ என்னத்துக்குட்டி மன்னிப்புக் கேக்க? நீயா மைக்கப் பிடிச்ச?"

"எங்க அப்பாவுக்காக..."

"அவுகளுக்கு வாய் இல்லையா?"

ஜெசிந்தா கட்டிலுக்கு அடியில் காலால் எதையோ உள்ளே தள்ளினாள். அது அவளுடைய சதுரங்கப் பலகை. விழாவுக்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரெங்கும் இருந்த நல்ல புத்தகங்கள் வந்து அடைந்த வீட்டில் ஆட்டம் நின்றுபோயிருந்தது.

"அவுக கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லலன்னு எல்லாரும் கேக்காக" என்றாள். "யாரும் சொல்லித் தரல, நானாக் கண்டுபிடிச்சேன்னு சொன்னா அதுக்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பாங்க. பையங்க யாரு பேரையாவது சொல்லியிருந்தா உடனே நம்பியிருப்பாங்க. அதான் சொல்லல."

அப்போது வாசலில் ஓர் அம்மா பையனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள், எந்தப் புத்தகம் வாங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு. அவள் மண்டபத்தில் சிரித்தவள். வீடியோவில் இரண்டாம் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஜெசிந்தாவும் அவளை அடையாளம் கண்டிருப்பாள். கண்டாலும், வாசலுக்குப் போய் நிதானமாகச் சொன்னாள்.

"யக்கா, புஸ்தகத்த முன்னால இருந்து பொரட்டாதிய. கறுப்பு தோத்த ஆட்டம் உள்ள இருக்கான்னு தேடுங்க. ஒண்ணுகூட இல்லன்னா எழுதுனவன் விக்கப் பாக்கான்னு அர்த்தம். பெறவு படத்தப் பாருங்க. கறுப்பு ஆடச் சொல்லித் தாரேன்னுட்டு வெள்ளப் பக்கம் உக்காந்து பலகைய வரைஞ்சிருந்தா, உங்க பிள்ள கழுத்தத் திருப்பிக்கிட்டுத்தான் படிக்கணும். எந்தக் காய எதுக்கு நகத்துதோம்னு வாய் தொறந்து சொல்லணும்; வெறுமன அடுக்கி வச்சா பஸ் டைம் பாக்குத மாதிரிதான் இருக்கும்."

"சரிம்மா. வேற?"

ஜெசிந்தா வாசலில் தொங்கிய மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டாள். "இத யாருகிட்ட இருந்து எடுத்தேன்னு எழுதியிருக்கானான்னும் பாருங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் அரிசி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவள் தலையை ஆட்டிவிட்டு, பையனின் தலையிலும் ஒன்று தட்டி, "கேட்டுக்கிட்டியால?" என்று சொல்லி, வந்த வேலை முடிந்தது என்று போனாள்.

வீட்டில் அப்பா புதிது புதிதாக வாங்கினார். அவை நல்லவையாக இருந்ததால் மறுநாளே போயின. அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினார். உள்ளே இருந்து அவை அட்டையால் தட்டின, பகல் முழுக்க, சமையல் கட்டு வரைக்கும் கேட்கும்படி. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொறந்து விடுங்களேன், மூச்சு முட்டி எதுவும் ஆயிரப் போகுது" என்றாள். அவர் சாவியைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திறந்தார். கடைசியில் அலமாரியில் தனியாக நின்றது 'கறுப்பின் கதவு'. அவர் புத்தகம், அவர் படம் போட்ட பின்னட்டையோடு.

"ஆட்டம் மன்றத்துல வச்சு ஆடுனது" என்றார் ஒருநாள், நான் கேட்காமலே. "மன்றத்து ஆட்டம் எல்லாருக்கும் பொது."

"பொதுன்னா அதுக்கு உங்க பேரு எப்படி வந்துச்சு?"

"ஏதாச்சும் ஒரு பேரு போடணும்லாம்மா."

"அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சேப்பா."

ரசத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது கஞ்சியாகிப் போனது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததற்காகவும் வெட்கமாக இருந்தது, தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டேன். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கேள்வி. என் ஆய்வும் பட்டமும் அதற்கு அப்புறம்.

ஐப்பசி பிறந்து வானம் இருட்டத் தொடங்கியபோது, ஊரில் இருந்த 'கறுப்பின் கதவு' பிரதிகள் அசைந்தன. மன்றத்தில் பிள்ளை படிக்கிற வீடு ஒவ்வொன்றும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்ததால், அந்தப் புத்தகம் இல்லாத வீடே கிடையாது. மற்ற புத்தகங்களைப் போல அவை நடக்கவில்லை. அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும், ஜெசிந்தாவின் ஆட்டம் இருந்த அந்தச் சில தாள்களுக்கு மட்டும் கால் இருந்தது. அவை முன்னால் எட்டி ஊன்றி, தங்களோடு சேர்த்துத் தைக்கப்பட்ட மிச்சத்தையெல்லாம், முன்னுரையை, வாழ்த்துரையை, ஆசிரியர் படத்தை, தரையில் இழுத்துக்கொண்டு போயின. ஒரு தெருவைக் கடக்கவே ஒரு பொழுது ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கூடவே நடந்து, சலித்து, வீட்டுக்குப் போய்த் தின்பண்டம் தின்றுவிட்டு வந்து பார்த்தால், அதே விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

சங்குகுளித் தெருவுக்கு வந்து சேர்ந்தவை ஜெசிந்தா வீட்டு வாசலில் நின்றன. உள்ளே போகவில்லை. படிக்குக் கீழே, சாக்கடைக்கு இந்தப் பக்கம், ஒன்றன்பின் ஒன்றாகக் குப்புறப் படுத்தன. அந்தத் தாள்கள் உள்ளே போகத் தவித்தன, மிச்சப் புத்தகம் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றது. நான் அப்படித்தான் வாதாடுவேன், வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். தூக்க முயன்றவர்களால் தூக்க முடியவில்லை, ஒவ்வொன்றும் உப்பு மூட்டை கனம் கனத்தது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சைக்கிளை வளைத்து ஓட்டினார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போனார்கள், மழை வந்தால் நனையுமே என்று அமலோற்பவம் இறால் கம்பெனியிலிருந்து தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்து மூடினாள்.

"அண்ணாச்சி, உங்க புஸ்தகமெல்லாம் தெருவுல குப்புறக் கெடக்கு" என்று வந்து சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா தலையை ஆட்டுவார். அந்தத் தெரு பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு மன்றத்துக்குப் போவார்.

பிறகு ஒரு காலையில், எங்கள் அலமாரியில் தனியாக நின்ற பிரதியும் கீழே குதித்தது. தொப்பென்று விழுந்த சத்தத்துக்கு மூன்று பேரும் ஓடி வந்தோம். அது தன்னை இழுத்து இழுத்துக் கூடத்தைக் கடந்தது. அப்பா குனிந்து அதைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அது வாசலைத் தாண்டியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே இறங்கினார். நான் அவர் பின்னால் போனேன்.

அந்த நடையை நான் எப்படிச் சொல்வேன்? புத்தகம் ஒரு சாண் போகும், நிற்கும். அப்பா ஓர் அடி வைப்பார், நிற்பார். எனக்கு முன்னால் அவர் முதுகு, சட்டைக் காலருக்கு மேலே வெள்ளை முடி, வியர்வை. கடைகளில் இருந்தவர்கள் எப்போதும் போல எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஊரில் ஒருவர் விடாமல் திரும்பக் கும்பிடுகிறவர் அன்று கையை உயர்த்தவில்லை. டீக்கடையில் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்தார்கள். காசிராஜன் கடையைத் தாண்டும்போது சங்கிலியில் கிடந்த புத்தகங்கள் ஒரே நேரத்தில் அடங்கின. உப்பு லாரிகள் நின்றன, காவலர் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊதாமல் எடுத்தார். யாரோ, "அண்ணாச்சி, ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்கள். அவர் காதில் அது விழவில்லை. அவர் வந்த வழியில் எல்லாரும் எழுந்து வந்தார்கள், கூப்பிடாமலே, பேசாமலே, விழா மண்டபத்தில் இருந்த அதே முகங்கள்.

சங்குகுளித் தெருவில் அந்தப் புத்தகம் மற்றவற்றுக்குப் பக்கத்தில் இடம் தேடிக் குப்புறப் படுத்தது. அப்பா அதற்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"ஏட்டி ஜெசி, அண்ணாச்சி வந்திருக்காக" என்று அமலோற்பவம் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

ஜெசிந்தா மாவு ஒட்டிய கையோடு வந்து படியில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"மழ வரும் போலிருக்கு தாயி" என்றார் அப்பா. "எல்லாத்தையும் உள்ள எடுத்து வச்சிரேன்."

"அதுக வந்தா எடுத்து வைக்க மாட்டேன்னா சொல்லுதேன்?"

"அணியில உம்பேரச் சேத்துருதேன். நாளைக்கே."

"சேருங்க. அது அணிக்கு நல்லது."

"அடுத்த பதிப்புல ஒரு நன்றி போட்டு..."

ஜெசிந்தா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு படியிலிருந்து இறங்கினாள். ஊரே சேர்ந்து தூக்க முடியாத அந்தப் பிரதியை ஒரு கையால் எடுத்தாள், ஈரம் தட்டிய பக்கங்களை விரலால் பிரித்து அந்த அத்தியாயத்தைத் திறந்தாள், குனிந்து அவர் முன்னால் பிடித்தாள். அவள் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சிரிக்கவில்லை. தார்ப்பாயில் ஒன்றிரண்டு துளி விழும் சத்தம் கேட்டது. இரண்டாம் வரிசைக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தாள், காசிராஜன் கீழே பார்த்தார், மாமா கீழே பார்த்தார். அப்பா திரும்பி என்னைத் தேடினார், என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வாதம் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து பெருமைப்பட்டவர். அன்று என்னிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, தொண்டையைச் செருமி, மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீதான் தாயி சொல்லிக் குடுத்த."